விளக்குக்கு முன் வெயில்

கழிவுநீரைத் தூய்மைப்படுத்த நுண்பாசிகளை வளர்க்கலாம். அந்தப் பாசிகள் விரைந்து வளர அவற்றுக்கு ஒளியூட்டலாம். இக்கருத்து அண்மைக் காலமாக அறிவியல் கண்காட்சிகளிலும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களிலும் அடிக்கடி பேசப்படுகிறது. கண்ணாடிக் குழாய்களுக்குள் பச்சை நிற நீர் சுழல, அதைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாக எல்இடி விளக்குகள் எரியும் படங்களை நீங்களும் பார்த்திருக்கலாம். பார்ப்பதற்கு எழிலான காட்சிதான். ஆயினும், ஜொகூர் மாநிலத்தின் ஆறுகளைக் காக்கப் பாசியின் துணையை நாம் நாடுவோமானால், முதலில் பயன்படுத்த வேண்டியது அந்த விளக்குகளை அல்ல. நாள்தோறும் நம் தலைக்கு மேல் காயும் வெயிலைத்தான் என்பது என் கருத்து.

ஜொகூரில் ஆற்றுத் தூய்மைக்கேடு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் பாசிர் கூடாங்கில் நிகழ்ந்த கிம் கிம் ஆற்றுப் பேரிடர். ஆற்றில் கொட்டப்பட்ட வேதிக்கழிவிலிருந்து எழுந்த நச்சுவளியால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அத்தகைய நச்சுக்கழிவுக்குப் பாசி மருந்தாகாது. சட்டமும் கண்காணிப்புமே அதைத் தடுக்க வேண்டும். ஆனால், பெரிய செய்தியாகாமல் அன்றாடம் நிகழும் வேறொரு மாசும் உண்டு. செம்பனை ஆலைகள், கால்நடைப் பண்ணைகள், குடியிருப்புகள் ஆகியவற்றிலிருந்து வெளியேறும் கரிமக் கழிவும் அம்மோனியாவுமே அது. கிம் கிம் நிகழ்வுக்கு அடுத்த மாதமே ஜொகூர் ஆற்றில் அம்மோனியாவின் அளவு உயர்ந்தது. அதனால் அந்த ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் பணி தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. ஜொகூர் மக்கள் பலரின் குடிநீருக்கு அந்த ஆறே மூலம். 1962ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி சிங்கப்பூர் நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை நீர் எடுத்துக்கொள்வதும் அதே ஆற்றிலிருந்துதான். ஆகவே, அதில் கலக்கும் கழிவு ஓர் ஆலையின் தனிப்பட்ட சிக்கலாக நின்றுவிடுவதில்லை.

செம்பனை ஆலைகளின் கழிவுநீரையே எடுத்துக்கொள்வோம். தீபகற்ப மலேசியாவில் செம்பனை மிகுதியாகப் பயிரிடப்படும் மாநிலங்களுள் ஜொகூரும் ஒன்று. குளுவாங், கூலாய், கோத்தா திங்கி, சிகாமட் வட்டாரங்களில் தோட்டப்புறத்தை ஒட்டி வளர்ந்தவர்களுக்கு ஆலைக் குளங்களின் நாற்றம் புதியதன்று. ஒரு டன் கச்சாச் செம்பனை எண்ணெய் எடுக்கும்போது ஏறத்தாழ 2.5 முதல் 3.5 டன் வரை கழிவுநீர் வெளியேறுகிறது. பழுப்பு நிறமும் புளிப்புத் தன்மையும் கொண்ட அந்நீர், ஆலையை விட்டு வெளியேறும்போது 80 முதல் 90 பாகை செல்சியஸ் வரை சூடாக இருக்கும். அதில் நஞ்சு கலக்கப்படுவதில்லை. ஆனால், அதிலுள்ள எண்ணெய், நார், மாவுப்பொருள் ஆகியவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள உயிர்வளியை எல்லாம் உறிஞ்சிவிடுகின்றன. இதைக் கணக்கிட 'உயிர்வேதியியல் உயிர்வளித் தேவை' என்னும் அளவு பயன்படுகிறது. பதப்படுத்தப்படாத ஆலைக் கழிவுநீரில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். நம் நாட்டு வெப்பநிலையில் தூய ஆற்று நீர் ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உயிர்வளியோ ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். வகுத்துப் பாருங்கள். ஒரே ஒரு லிட்டர் கழிவுநீர், 3,300 லிட்டர் ஆற்று நீரின் உயிர்வளியைத் தீர்த்துவிடும். மீன்கள் மூச்சுத் திணறி மிதப்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

இந்நிலையை மாற்ற மலேசியா முன்னரே சட்டம் இயற்றியது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், 1977இல் செம்பனை ஆலைகளுக்கென விதிமுறைகள் வகுக்கப்பட்டன. ஆற்றில் விடப்படும் நீரின் உயிர்வளித் தேவை லிட்டருக்கு 5,000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என 1978இல் தொடங்கிய வரம்பு, படிப்படியாக இறுக்கப்பட்டு 1984இல் 100 மில்லிகிராமானது. இதை எட்டுவதற்காகப் பெரும்பாலான ஆலைகள் தொடர்குளங்களைப் பயன்படுத்துகின்றன. முதற்குளங்கள் ஆழமானவை, காற்று புகாத அந்த ஆழத்தில் வாழும் பாக்டீரியாக்கள் கழிவின் பெரும்பகுதியைச் சிதைக்கின்றன. கடைசிக் குளங்கள் ஆழம் குறைந்தவை. அங்கே பாசி தானாகவே வளரும். புதிய தொழில்நுட்பம் என்று நாம் வியக்கும் நுண்பாசி, நம் ஆலைக் குளங்களில் நெடுங்காலமாகவே குடியிருக்கிறது. நாம்தான் அதைச் சரியாக வேலை வாங்கவில்லை.

பாசி அங்கே என்ன வேலை செய்கிறது? ஒளிச்சேர்க்கையின்போது அது கரிவளியை எடுத்துக்கொண்டு உயிர்வளியை வெளிவிடுகிறது. அந்த உயிர்வளியைக் கொண்டு பாக்டீரியாக்கள் எஞ்சிய கழிவைச் சிதைக்கின்றன. சிதைவில் வெளிப்படும் கரிவளி மீண்டும் பாசிக்கு உணவாகிறது. நீரிலுள்ள அம்மோனியாவையும் பாஸ்பேட்டையும் பாசி தன் உடலை வளர்க்க எடுத்துக்கொள்கிறது. இந்தக் கூட்டுவாழ்வு ஒளியையே நம்பியிருக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டிய பழைய சோதனை ஒன்று உண்டு. ஜெர்மானிய அறிவியலாளர் தியோடர் எங்கல்மான், 1882இல், ஒளியைப் பல நிறங்களாகப் பிரித்து ஒரு பச்சைப்பாசி இழையின் மீது விழச் செய்தார். அந்நீரில் உயிர்வளியைத் தேடிச் செல்லும் பாக்டீரியாக்களையும் விட்டிருந்தார். சிறிது நேரத்தில், சிவப்பு ஒளியும் நீல ஒளியும் விழுந்த இடங்களில் பாக்டீரியாக்கள் மொய்த்தன. பச்சை ஒளி விழுந்த இடத்தில் அவை குறைவாகவே இருந்தன. சிவப்பிலும் நீலத்திலும்தான் பாசி மிகுதியாக உயிர்வளியை உருவாக்கியது என்பது அதனால் விளங்கியது.

இன்றைய ஆய்வுக்கூடங்களில் சிவப்பு விளக்கும் நீல விளக்கும் எரிவதற்கு இதுவே அடிப்படை. சிவப்பு எல்இடி முன்பே இருந்தது. திறன்மிக்க நீல எல்இடி விளக்கைக் கண்டறிந்த ஜப்பானில் பிறந்த அறிவியலாளர்களான இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பாசிக்குத் தேவையான நிறத்தை மட்டும், தேவையான அளவில், தேவையான நேரத்தில் கொடுக்க இவ்விளக்குகள் வழிசெய்கின்றன. இத்திறனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், ஜொகூரின் ஆலைக் குளங்களில் பாசி மெதுவாக வளர்வதற்குக் காரணம் வானத்தில் ஒளி குறைவாக இருப்பதா என்று நாம் முதலில் கேட்க வேண்டும்.

உண்மை நேர்மாறானது. நண்பகல் வெயிலில் பாசிக்குக் கிடைப்பது அது பயன்படுத்தக்கூடியதைவிட மிகுதியான ஒளி. பெரும்பாலான நுண்பாசிகளுக்கு அவ்வெயிலில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ போதும். அதற்கு மேல் கிடைக்கும் ஒளி வீணாகிறது. மிகுந்தால் பாசியின் ஒளிச்சேர்க்கை உறுப்புகளையே பழுதாக்குகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பாசிக்கும் பொருந்தும். அதே வேளையில், சில சென்டிமீட்டர் ஆழத்திலிருக்கும் பாசியோ இருளில் கிடக்கிறது. மேலே மிதக்கும் பாசி கீழேயிருக்கும் பாசிக்கு நிழலாகிவிடுகிறது. ஆலைக் கழிவுநீரின் அடர்ந்த பழுப்பு நிறமும் ஒளியைத் தடுக்கிறது. மேல்தட்டில் ஒளி மிகுதி, அடித்தட்டில் ஒளிப் பஞ்சம். இது பங்கீட்டுச் சிக்கல். குளத்தின் மேல் இன்னொரு விளக்கைத் தொங்கவிடுவதால் இது தீராது.

பங்கீட்டைச் சீராக்கும் வழி அறிவியலுக்குத் தெரியாததன்று. அமெரிக்க ஆய்வாளர்கள் ராபர்ட் எமர்சனும் வில்லியம் அர்னால்டும் 1932இல் குளோரெல்லா என்னும் பாசியின் மீது ஒளியை விட்டுவிட்டுப் பாய்ச்சினர். ஒவ்வோர் ஒளிக்கீற்றுக்கும் பிறகு சிறிது நேரம் இருள் கிடைத்தபோது, பாசி அந்த ஒளியை மேலும் சிறப்பாகப் பயன்படுத்தியதை அவர்கள் கண்டனர். ஒளியில் தொடங்கும் வேலையைப் பாசி இருளிலும் தொடர்ந்து முடிக்கிறது. எனவே, நீரை நன்றாகக் கலக்கிவிட்டால் ஒவ்வொரு பாசியும் மேலே வந்து ஒளி பெற்று, கீழே சென்று அதைச் செரித்து, மீண்டும் மேலே வரும். 1950களில் கலிபோர்னியாவில் வில்லியம் ஆஸ்வால்ட் இக்கருத்தைக் கழிவுநீர்க் குளங்களில் செயற்படுத்தினார். ஓட்டப்பந்தயத் தடம்போல் வளைந்து செல்லும், முழங்கால் அளவுகூட ஆழமில்லாத குளம். அதில் நீரை மெல்லத் தள்ளிக்கொண்டேயிருக்கும் துடுப்புச் சக்கரம். இவ்வளவுதான் அந்த அமைப்பு. ஒளி முழுவதும் சூரியனுடையது. சக்கரத்தைச் சுழற்ற மட்டுமே சிறிதளவு மின்சாரம் வேண்டும்.

இப்போது விளக்கின் கணக்கைப் பார்ப்போம். மலேசியாவில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4.5 கிலோவாட் மணி அளவு வெயில் விழுகிறது. ஒரு ஹெக்டர் குளத்தின் மீது அது 45,000 கிலோவாட் மணி ஆகும். அதில் பாசி பயன்படுத்தக்கூடிய ஒளி பாதிக்குச் சற்றுக் குறைவு. 20,000 என்று வைத்துக்கொள்வோம். கொடுக்கும் மின்சாரத்தில் பாதியை ஒளியாக மாற்றும் நல்ல எல்இடி விளக்குகளைக் கொண்டு அதே அளவு ஒளி கொடுக்க, நாளொன்றுக்கு 40,000 கிலோவாட் மணி மின்சாரம் வேண்டும். ஒரு வீடு மாதத்துக்கு 400 கிலோவாட் மணி பயன்படுத்துவதாகக் கொண்டால், இது 3,000 வீடுகளுக்கான மின்சாரம். பாசிக்கு முழு வெயில் தேவையில்லை, பத்தில் ஒரு பங்கே போதும் என்று சொன்னாலும் 300 வீடுகளின் மின்சாரம் ஒரு ஹெக்டர் குளத்துக்குச் செலவாகும். அந்த மின்சாரத்தில் மிகச் சிறு பங்கே பாசியின் உடலில் சேரும், எஞ்சியதெல்லாம் வெப்பமாகிவிடும். நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியையும் இயற்கை எரிவளியையும் எரித்தே பெறப்படுகிறது. நீரைத் தூய்மையாக்கக் காற்றை மாசுபடுத்துவது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாகிவிடும். அதைவிட, காற்றூதியைக் கொண்டு நீரில் நேரடியாகக் காற்றைச் செலுத்தினால் அதே மின்சாரத்தில் பல மடங்கு உயிர்வளி கிடைத்துவிடுமே!

இதற்கு மறுப்பும் உண்டு. அதையும் நாம் கருத்தில் கொள்ள வேண்டும். சூரியன் பன்னிரண்டு மணி நேரம்தான் ஒளி தருகிறது; இரவில் பாசி உயிர்வளியைத் தருவதை நிறுத்திவிட்டுத் தானே அதை உட்கொள்ளத் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஜொகூரில் நாள்கணக்கில் வானம் மூடிக்கிடக்கும். ஆலையோ இரவும் பகலும் இயங்கும். இந்த இடைவெளியை விளக்கால்தானே நிரப்ப முடியும் என்று கேட்பவர்கள் உள்ளனர். கேள்வி நியாயமானது. ஆனால், இரவுக்கென விளக்கேற்றுவதைவிட, வரும் கழிவுநீரைத் தேக்கி வைத்துப் பகலில் பதப்படுத்தும் அளவுக்குக் குளத்தை அமைப்பது மலிவானது. நிலம் விலையேறிய ஜொகூர் பாரு நகருக்குள் அது கடினம்தான். தோட்டங்களால் சூழப்பட்ட செம்பனை ஆலைகளுக்கு அது பெரிய தடையன்று. அவற்றின் குளங்கள் இப்போதே பரந்த நிலத்தில்தான் அமைந்துள்ளன.

ஆகவே, விளக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்குரிய இடம் வேறு என்கிறேன். எந்தப் பாசி எந்தக் கழிவுநீரில் எந்த ஒளியில் நன்றாக வளரும் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வுக்கூடத்தில் விளக்கு இன்றியமையாதது. வெயில் நாளுக்கு நாள் மாறும். விளக்கின் ஒளி மாறாது. பத்து பகாட், பாரிட் ராஜாவிலுள்ள துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் வீட்டுக் கழிவுநீரிலும் உணவுத் தொழிற்சாலைக் கழிவுநீரிலும் நுண்பாசி வளர்த்து ஆய்வு முடிவுகளை வெளியிட்டுள்ளனர். அத்தகைய ஆய்வுகள் தொடர வேண்டும். பெரிய குளத்தில் விடுவதற்கான 'நாற்றுப் பாசி'யைச் சிறிய தொட்டியில் வளர்க்கவும் விளக்கு உதவும். அதற்கான மின்சாரத்தை ஆலையே உருவாக்கிக்கொள்ள முடியும். ஒரு டன் ஆலைக் கழிவுநீர் காற்றின்றிச் சிதையும்போது ஏறத்தாழ 28 கன மீட்டர் எரிவளி வெளிப்படுகிறது. அதன் பெரும்பகுதியான மீத்தேன், வளிமண்டலத்தில் கலந்தால் கரிவளியைவிட நூறாண்டுக் கணக்கில் 25 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைத் தேக்கும். 2014 முதல் புதிய ஆலைகள் இந்த எரிவளியைச் சேகரிக்க வேண்டுமென்று மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் விதித்துள்ளது. சேகரித்த எரிவளியில் மிஞ்சும் மின்சாரத்தில் நாற்றுத் தொட்டிக்கு விளக்கேற்றினால் யாருக்கும் இழப்பில்லை.

வெயிலை நம்பி ஆலை அளவில் வெற்றி காண முடியுமா என்று ஐயுறுவோருக்குத் தமிழ்நாட்டில் ஒரு சான்று இருக்கிறது. இராணிப்பேட்டையில் கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் தயாரிக்கும் ஸ்நாப் நிறுவனத்தின் கழிவுநீர் மிகுந்த அமிலத் தன்மை கொண்டது. முன்பு எரிசோடாவைக் கலந்து அதைச் சமன்செய்ய வேண்டியிருந்தது. அதனால் செலவும் கூடியது, கசடும் சேர்ந்தது. சென்னைப் பாசியியல் அறிஞர் வி. சிவசுப்பிரமணியனும் அவர்தம் குழுவினரும் குரூகாக்கஸ் என்னும் நீலப்பச்சைப்பாசியை அக்கழிவுநீரில் வளர்த்து, அதன் அமிலத்தைத் தணித்துக் காட்டினர். ஆய்வுக்கூடக் குடுவையில் தொடங்கிய முயற்சி, ஆலையின் திறந்த வெளித் தொட்டிக்கு வளர்ந்தது. அதன் முடிவுகள் 2009இல் ஆய்வேட்டில் வெளிவந்தன. அங்கே பாசிக்கு ஒளி தந்தது இராணிப்பேட்டையின் வெயில்தான். நமக்கும் அவ்வெயில் உண்டு. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

ஒளியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது மறந்துபோகும் ஒன்றையும் இங்குச் சொல்ல வேண்டும். பாசியை வளர்த்தால் மட்டும் போதாது. அறுவடை செய்ய வேண்டும். பாசி தன் உடலுக்குள் சேர்த்து வைத்த அம்மோனியாவும் பாஸ்பேட்டும் நீரை விட்டு வெளியேறுவது, பாசியே வெளியே எடுக்கப்படும்போதுதான். எடுக்காமல் விட்டால் அது மடிந்து அழுகி, தானே கழிவாகிவிடும். அளவு மீறிய பாசி ஆற்றில் கலந்தால், எந்த மீனைக் காக்கப் புறப்பட்டோமோ அந்த மீனையே கொன்றுவிடும். குளோரெல்லாவின் உயிரணு மனிதத் தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு அளவுகூட இராது. அதை வடிகட்டுவது எளிதன்று. எனவே, விளக்குக்குச் செலவிட எண்ணும் பணத்தைப் பாசியைப் படிய வைக்கவும் திரட்டவும் செலவிடுவதே அறிவுடைமை. திரட்டிய பாசியைத் தோட்டத்துச் செம்பனைக்கே எருவாக இடலாம்.

ஆகவே, நாம் செய்ய வேண்டியவை வரிசையாகத் தெரிகின்றன. முதலாவதாக, எரிவளியைச் சேகரித்து, கழிவுநீரின் சுமையையும் நிறத்தையும் குறைக்க வேண்டும். இரண்டாவதாக, பாசிக் குளங்களை ஆழம் குறைத்து, நீரைக் கலக்கிவிட்டு, வெயில் ஒவ்வொரு பாசிக்கும் எட்டுமாறு செய்ய வேண்டும். மூன்றாவதாக, வளர்ந்த பாசியைத் தவறாமல் திரட்ட வேண்டும். இவை மூன்றையும் செய்த பிறகும் குறை இருந்தால், அப்போது விளக்கைப் பற்றி எண்ணலாம். அதற்கும் ஒரு நிபந்தனை வேண்டும். பாசிக்கு விளக்கேற்றும் எந்தத் திட்டமும், தான் தூய்மையாக்கிய நீரின் அளவோடு, செலவிட்ட மின்சாரத்தின் அளவையும் மக்கள் அறிய வெளியிட வேண்டும்.

மாணவர்களே, இக்கணக்கை நீங்களும் போட்டுப் பார்க்கலாம். பள்ளி அறிவியல் விழாவில், விளக்கொளியில் வளரும் பாசிக்குடுவை ஒன்றைக் காட்சிக்கு வைக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், அதன் அருகில் சன்னலோர வெயிலில் இன்னொரு குடுவையையும் வையுங்கள். விளக்கோடு ஒரு மின்மானியை இணையுங்கள். இரண்டு வாரம் கழித்து எந்த நீர் அதிகம் பச்சையானது என்பதை மட்டும் பார்க்காதீர்கள். அந்தப் பச்சைக்கு எவ்வளவு மின்சாரம் செலவானது என்பதையும் எழுதி, பார்க்க வருபவர்களின் கண்ணில் படும்படி ஒட்டி வையுங்கள்.